அக்கபுல்கோ: கப்பல் வந்த துறையும் மக்கள் வாழும் கரையும்

மெக்சிக்கோ நாட்டின் தென்மேற்குக் கரையிலே, பசுபிக் சமுத்திரத்தை நோக்கியவாறு அக்கபுல்கோ என்னும் நகரம் அமைந்திருக்கின்றது. தலைநகராகிய மெக்சிக்கோ நகரிலிருந்து இன்றைய நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 380 கிலோமீற்றர் தெற்கு நோக்கிச் செல்வோருக்கு, மலைகளின் இடையே ஒரு நீலக் குடா திடீரெனத் தோன்றும். மலைகள் அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்க, ஒரு புறத்தில் மட்டும் அக்குடா கடலுக்கு வாய் திறந்து கிடக்கின்றது. அதன் வளைவெங்கும் மணற்கரை. மணற்கரையை அடுத்து வானளாவிய ஹோட்டல்கள். அவற்றுக்குப் பின்னே மலைச்சரிவுகளில் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும் சிறு வீடுகள். இம்மூன்றையும் ஒருங்கே நோக்குபவர் அந்நகரின் வரலாற்றையே சுருக்கமாக நோக்கியவராவர்.

அக்கபுல்கோ என்றதும் உல்லாசப் பயணிகளின் நினைவுக்கு வருவன வெயிலும் அலையும் களியாட்டமுமே. ஆயினும், அந்தக் களியாட்டத்திற்கு நூறாண்டு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் இருநூற்றைம்பது ஆண்டுக் காலம் இக்குடா ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்த பெருவாயிலாக விளங்கிற்று. அன்று கப்பலிலே செல்வம் வந்தது. இன்று விமானத்திலும் மோட்டார் வண்டியிலும் வருகின்றது. வந்த செல்வத்துள் எவ்வளவு கரையில் வாழ்ந்தவர்களிடம் தங்கியது என்னும் கேள்வியே இந்நகரின் சரித்திரத்தில் தொடக்கம் முதல் இறுதி வரை தொடர்ந்து வருகின்றது.

குடாவிற்கு மேலே எல் வெலதேரோ என்னும் மலை உண்டு. அதன் சரிவில், பல்மா சோலா என்னும் இடத்தில், பாறைகளின் மீது மனித உருவங்களும் விலங்குகளும் பிற வடிவங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இக்கரையில் வாழ்ந்த மக்களின் கைவண்ணம் அது. அக்கபுல்கோ என்னும் பெயரும் ஸ்பானிய மொழிக்கு உரியதன்று. அது நாஉவாத்தில் என்னும் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. நாணல் மிகுந்த இடம் என்ற கருத்தில் அமைந்தது என்பர். ஐரோப்பியரின் பாய்மரங்கள் தோன்றுவதற்கு முன் இக்கரை நாணற்புதரும் மீனவர் குடியிருப்பும் கொண்ட கரையாகவே இருந்தது.

இவ்வமைதியைக் கலைத்தது ஒரு கடல்வழிக் கண்டுபிடிப்பு. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிக்கோவிலிருந்து மேற்கே சென்று பிலிப்பைன் தீவுகளை அடைவதற்குக் காற்று உதவிற்று. ஆனால், அதே வழியாகத் திரும்புவதற்கு உதவவில்லை. சென்ற கப்பல்கள் பல திரும்பிவர முடியாது அழிந்தன. 1565 ஆம் ஆண்டில் அந்திரேஸ் தெ உர்தனேத்தா என்னும் துறவி இச்சிக்கலுக்கு வழி கண்டார். அவர் இளமையில் மாலுமியாக இருந்து, பின்னர் அகுஸ்தீன் சபையிலே சேர்ந்தவர். யூன் மாதத் தொடக்கத்தில் சேபு தீவிலிருந்து புறப்பட்ட கப்பலை அவர் வடக்கே வெகுதூரம் கொண்டு சென்று, அங்கே கிழக்கு நோக்கி வீசும் காற்றைப் பிடித்து, சமுத்திரத்தைக் கடந்து, ஒக்டோபர் மாதத்தில் அக்கபுல்கோவை வந்தடைந்தார். அதே ஆண்டில் வேறொரு சிறு கப்பல் அவரை முந்திக்கொண்டு மெக்சிக்கோக் கரையை அடைந்தது உண்மையே. எனினும், பிற்காலக் கப்பல்களுக்கு வழிகாட்டியாக நிலைத்தது உர்தனேத்தாவின் பாதைதான்.

அதன்பின் 1815 வரை, ஆண்டுதோறும் ஒன்றோ இரண்டோ பெருங்கப்பல்கள் மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே சென்று வந்தன. மணிலாவிலிருந்து வந்த கப்பலைச் சீனக் கப்பல் என்றே மெக்சிக்கோ மக்கள் அழைத்தனர். சீனத்துப் பட்டும் பீங்கானும், இந்தியத் துணிகளும், தந்தச் சிற்பங்களும், வாசனைத் திரவியங்களும் அதில் வந்தன. திரும்பிச் சென்ற கப்பலிலோ பெரும்பாலும் வெள்ளியே சென்றது. மெக்சிக்கோவில் அச்சிட்ட வெள்ளி நாணயம் சீனத்துச் சந்தைகளிலே செலாவணியாயிற்று. இவ்வாணிகம் பெருகுவதைக் கண்டு அஞ்சிய ஸ்பானிய அரசு 1593 இல் அதற்கு எல்லை வகுத்தது: ஆண்டுக்கு இரண்டு கப்பல்கள், மணிலாவிலிருந்து இரண்டரை லட்சம் பெசோ பெறுமதியான சரக்கு, திரும்புகையில் ஐந்து லட்சம் பெசோ வெள்ளி. வணிகர்கள் இவ்வெல்லையைப் பலமுறை களவாகக் கடந்தனர்.

மணிலாவுக்குச் செல்லும் பயணம் மூன்று மாதங்களில் முடிந்துவிடும். மணிலாவிலிருந்து வரும் பயணமோ நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை நீளும். நன்னீர் குறையும், உணவு கெடும், பல்லீறு வீங்கி உயிர் போக்கும் நோய் பரவும். அக்கபுல்கோவின் மலைகள் கண்ணிற்பட்டபோது மாலுமிகள் அடைந்த மகிழ்ச்சியை ஊகிப்பது அரிதன்று. அம்மாலுமிகளுட் பலர் பிலிப்பைன் தீவினர். கரையை அடைந்ததும் கப்பலைக் கைவிட்டு இந்நாட்டிலேயே தங்கிவிட்டவர்களும் அவர்களுள் உண்டு. தென்னையிலிருந்து கள் இறக்கும் தொழிலை மெக்சிக்கோவின் பசுபிக் கரைக்குக் கற்பித்தவர்கள் இவர்களே. அக்கள்ளுக்கு இன்றும் அங்கே துபா என்னும் பிலிப்பைன் பெயரே வழங்குகின்றது. கடற்கரையில் நிழலுக்காக அமைக்கும் ஓலைப் பந்தரைக் குறிக்கும் பலாப்பா என்னும் சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே என்பர்.

தாமாக விரும்பி வந்தவர்கள் மட்டுமன்றி, விற்கப்பட்டு வந்தவர்களும் இத்துறையில் இறங்கினர். இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் பிடிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் மணிலாச் சந்தையில் அடிமைகளாக விலைபோயினர். அக்கபுல்கோவில் இறங்கியதும், பிறந்த நாடு எதுவாயினும், சீனர் என்னும் ஒரே பெயரைப் பெற்றனர். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறு வந்த ஒரு பெண், இந்தியாவில் பிறந்து, கடற்கொள்ளையர் கையில் அகப்பட்டு, கொச்சி வழியாக மணிலாவுக்கும் அங்கிருந்து அக்கபுல்கோவுக்கும் கொண்டுவரப்பட்டவள். கத்தரீனா தெ சான் ஹுவான் என்று பெயர் பெற்ற அவள், புவெப்லா நகரில் பக்தையாக வாழ்ந்து 1688 இல் மறைந்தாள். அந்நகரத்தார் அவளைப் புனிதவதியாகப் போற்றினர். ஆசிய அடிமைகளை விடுவிக்குமாறு அரச ஆணை பிறந்தது 1672 ஆம் ஆண்டளவிலேதான்.

கப்பல் வந்ததும் அக்கபுல்கோவிலே பெருஞ்சந்தை கூடும். தலைநகரிலிருந்து வணிகர் வருவர், பெருவிலிருந்தும் வருவர். வாங்கிய சரக்குகள் கோவேறு கழுதைகளின் முதுகிலேறி, சீனப் பாதை என்று பெயர் பெற்ற மலைவழியே மெக்சிக்கோ நகருக்குச் செல்லும். சந்தை கலைந்ததும் நகரமும் கலைந்துவிடும். 1803 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இத்துறையில் வந்திறங்கிய செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட் தரும் கணக்கு இங்கே கருதத்தக்கது. வழக்கமாக நாலாயிரம் பேர் வாழும் ஊர், கப்பல் வரும் காலத்தில் ஒன்பதாயிரம் பேர் நிறைந்த ஊராகும் என்று அவர் எழுதினார். உலகப் புகழ்பெற்ற சந்தை கூடும் இடம், வெப்பமும் நோயும் மிகுந்த வறிய ஊராக இருந்ததை அவர் கண்டார். அதன் குடிகள் பெரும்பாலும் கறுப்பரும் கலப்பினத்தவருமே என்றும் குறித்தார். வெள்ளி பெட்டி பெட்டியாகக் கடந்து சென்ற ஊரிலே வெள்ளி தங்கவில்லை.

செல்வம் செல்லும் வழியிலே கொள்ளையரும் வருவர். 1587 இல் தோமஸ் கவெண்டிஷ் என்னும் ஆங்கிலேயர் மணிலாவிலிருந்து வந்த சாந்தா அனா என்னும் கப்பலை மெக்சிக்கோவின் வடமேற்குக் கரைக்கு அப்பாற் கைப்பற்றினார். 1615 ஒக்டோபரில் ஒல்லாந்தக் கப்பற்படை ஒன்று அக்கபுல்கோக் குடாவினுள்ளேயே நுழைந்து நங்கூரமிட்டது. அதன் தலைவர் பெயர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். இப்பெயர் இலங்கைச் சரித்திரம் கற்றவர்களுக்குப் புதியதன்று. 1602 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே வந்திறங்கி, கண்டி மாநகர் சென்று, போர்த்துக்கேயருக்கு எதிராக விமலதர்மசூரிய மன்னனின் நட்பை நாடிய அதே ஸ்பில்பேர்கன்தான் அவர். கறுவா விளையும் நாட்டில் மன்னனின் விருந்தினராக இருந்தவர், பதின்மூன்று ஆண்டுகளின் பின் உலகின் மறுகோடியில், வெள்ளி ஏற்றும் துறையிலே பகைவராக நின்றார்.

ஆயினும், அங்கே பெரும்போர் மூளவில்லை. பெருவின் கரையில் நிகழ்ந்த கடற்போரிலே சிறைப்பட்ட ஸ்பானியரை ஸ்பில்பேர்கன் கையளித்தார். அதற்கு ஈடாக ஆடுமாடுகளும் பழங்களும் நன்னீரும் பெற்றுச் சென்றார். பகைவன் இவ்வளவு எளிதாக உள்ளே வந்து போனதைக் கண்ட ஸ்பானிய அரசு உடனே ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கி 1617 இல் முடித்தது. அதுவே சான் தியேகோக் கோட்டை. ஒல்லாந்தருக்கு அஞ்சி எழுப்பிய அக்கோட்டைக்குத் திட்டம் வகுத்த பொறியியலாளர் அத்ரியான் போத் என்பவரும் ஒல்லாந்திலிருந்து வந்து ஸ்பானிய அரசிடம் பணிபுரிந்தவரே. 1776 இல் நிகழ்ந்த பூகம்பம் அக்கோட்டையை அழித்தது. ஐந்து முனைகளையுடைய நட்சத்திர வடிவில் 1783 இல் மீண்டும் கட்டிமுடிக்கப்பட்ட கோட்டையே இன்று காணப்படுவது. இப்போது அது நூதனசாலையாக விளங்குகின்றது. சீனக் கப்பலின் கதையை அங்கே காணலாம்.

இத்துறைக்கு வந்தோர் அனைவரும் கொள்ளையரோ வணிகரோ அல்லர். 1614 சனவரியில் யப்பானின் சென்தாய் நாட்டுப் பிரபுவின் தூதராக ஹசெகுரா சுனெனாகா என்னும் சாமுராய் வீரர் யப்பானிலே கட்டிய கப்பலில் வந்திறங்கினார். இங்கிருந்து அவர் மெக்சிக்கோவைக் கடந்து ஸ்பெயினுக்கும் ரோமாபுரிக்கும் சென்றார். அவருடைய சிலை ஒன்று இன்றும் அக்கபுல்கோவிலே நிற்கின்றது.

1810 இல் மெக்சிக்கோ விடுதலைப் போர் மூண்டது. மத குருவாக இருந்து படைத்தலைவராக மாறிய ஹோசே மரியா மொரேலோஸ், ஸ்பானியரின் வருவாய்க்கு இத்துறை எவ்வளவு இன்றியமையாதது என்பதை நன்குணர்ந்திருந்தார். பல மாத முற்றுகையின் பின், 1813 ஓகஸ்ட் மாதத்தில் சான் தியேகோக் கோட்டை அவரிடம் சரணடைந்தது. இரண்டாண்டுகளின் பின் மணிலாக் கப்பலும் நின்றுபோயிற்று. மொரேலோசின் படையில் இருந்தவரும், ஆபிரிக்க இரத்தக் கலப்புடைய எளிய குடும்பத்தில் பிறந்தவருமான விசெந்தே கெரேரோ, 1829 இல் மெக்சிக்கோவின் சனாதிபதியாகி அடிமை முறையை ஒழித்தார். அக்கபுல்கோ அமைந்துள்ள மாநிலம் 1849 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கப்பல் நின்றதும் நகரம் உறங்கலாயிற்று. கலிபோர்ணியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர், பனாமாவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரிக்காக இங்கே தங்கிச் சென்றன. அதைத் தவிர வேறு பெருவாழ்வு அதற்கு நெடுங்காலம் இருக்கவில்லை. நகரின் வாணிகம் சில ஸ்பானிய வணிக நிலையங்களின் பிடியிலேயே இருந்தது. துறைமுகத் தொழிலாளரைத் திரட்டி இப்பிடியை எதிர்த்தவர் ஹுவான் எஸ்குதேரோ என்னும் இளைஞர். 1919 இல் அவர் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1921 இல் நகரபிதாவானார். தலைநகருக்கு ஒரு சாலை வேண்டும் என்பது அக்கட்சியின் கோரிக்கைகளுள் ஒன்று. சாலை வந்தால் பண்டங்களின் விலை குறையும், எளியவரும் வாணிகம் செய்யலாம் என்று அவர்கள் நம்பினர். 1923 டிசெம்பரில் எஸ்குதேரோ கொலையுண்டார். அவர் வேண்டிய சாலை 1927 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆனால், அச்சாலை வழியே வந்தது வேறொரு வாழ்வு.

மோட்டார் வண்டி ஏறி வந்த தலைநகரத்தார் இக்கரையின் அழகைக் கண்டனர். மலைமுனை ஒன்றின் மறைவில், அலை தணிந்து, குழந்தைகளும் நீராடத்தக்கதாய் அமைந்தது கலேத்தாக் கரை. அதனெதிரே சிறு படகில் சென்று சேரத்தக்க தூரத்தில் ரொக்கேத்தாத் தீவு கிடக்கின்றது. காலையிற் கலேத்தாவிலும் மாலையில் ஓர்னோஸ் கரையிலும் நீராடுவது அக்கால வழக்கம். குடாவிற்கு வெளியே, வடமேற்கில், பியே தெ லா குவெஸ்தா என்னும் நீண்ட மணற்றிட்டு உண்டு. அதன் ஒரு புறம் கொந்தளிக்கும் சமுத்திரம். மறுபுறம் தென்னை சூழ்ந்த கொயூக்காக் களப்பு. அங்கே நீராடுவது ஆபத்து. கதிரவன் கடலில் மறைவதைக் காண்பதற்கே மக்கள் கூடுவர்.

கெப்ராதா என்னும் செங்குத்தான பாறைப் பிளவே யாவரையும் ஈர்த்த காட்சி. அங்கே இளைஞர்கள் வெறுங்கையாற் பாறையைப் பற்றி ஏறி, உச்சியிலுள்ள சிறு மாதா கோவிலில் வணங்கி, ஏறத்தாழ 35 மீற்றர் உயரத்திலிருந்து கீழேயுள்ள ஒடுங்கிய நீரிற் பாய்வர். அலை உட்புகும் வேளையில் நீர் ஆழமாகும். அலை பின்வாங்கினால் ஆழம் குறைந்துவிடும். ஆகவே, அலை வருவதைக் கணித்துப் பாய்தல் வேண்டும். கணிப்புத் தவறினால் உயிருக்கே ஆபத்து. 1934 முதல் இது ஒழுங்கான காட்சியாக நடந்து வருகின்றது. தந்தை மகனுக்குக் கற்பிக்கும் குடும்பத் தொழிலாக அது நிலைத்துவிட்டது.

1946 முதல் 1952 வரை சனாதிபதியாக இருந்த மிகேல் அலெமான் அக்கபுல்கோவை உலக உல்லாச நகராக்க முனைந்தார். குடாவின் கரையைச் சுற்றி அவர் பெயராலேயே ஓர் அகன்ற வீதி எழுந்தது. ஹோட்டல்களுக்கும் வீதிகளுக்கும் வேண்டிய நிலத்திற் பெரும்பங்கு, புரட்சியின் பின் விவசாயிகளுக்குக் கூட்டுடைமையாக அளிக்கப்பட்ட காணிகளிலிருந்து பெறப்பட்டது. கரையிலே பயிரிட்டு வாழ்ந்தோர் கரையை விட்டு விலகினர். அவர்கள் இடத்தில் ஹோலிவூட் நடிகர்கள் வந்தனர். தார்சானாக நடித்த ஜொனி வைஸ்முல்லர் தமது கடைசித் தார்சான் படத்தில் இங்கேயே நடித்தார். 1984 இல் இங்கேயே மறைந்தார். 1953 இல் மணமுடித்த ஜோன் கென்னடி தம்பதியர் தேனிலவுக்கு வந்ததும் இங்கேதான். ஓவியர் தியேகோ ரிவேரா தம் வாழ்வின் இறுதியாண்டுகளில் இங்கே ஒரு வீட்டின் வெளிச்சுவரிலே, பழங்குடியினரின் இறகணிந்த நாகதெய்வத்தை ஓட்டுத் துண்டுகளாலும் சிப்பிகளாலும் பதித்தார். வீதியிற் செல்லும் ஏழையும் நின்று பார்க்கத்தக்க அச்சித்திரம் இன்றும் அங்குள்ளது.

காலப்போக்கில் செல்வர்கள் நாடிய கரை கலேத்தாவிலிருந்து கொந்தேசாவுக்கும் இக்காக்கோசுக்கும் நகர்ந்தது. பின்னர் குடாவுக்கு அப்பாலுள்ள புவெர்த்தோ மார்க்கேசுக்கும் ரெவொல்காதேரோவுக்கும் சென்றது. கட்டடம் கட்டவும் அறை துப்புரவு செய்யவும் உணவு பரிமாறவும் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வந்தனர். தங்குவதற்கு இடமின்றி மலைச்சரிவுகளிலே குடியேறினர். 1970களின் பிற்பகுதியிலிருந்து மெக்சிக்கோவின் கீழைக்கரையில் கன்கூன் நகரம் எழுந்து வெளிநாட்டாரை ஈர்த்துக்கொண்டது. 21 ஆம் நூற்றாண்டில் போதைப்பொருட் கும்பல்களின் வன்செயலும் அக்கபுல்கோவின் பெயரைக் கெடுத்தது.

மழையும் காற்றும் இந்நகரின் வேறுபாடுகளைத் தெளிவாகவே காட்டின. 1997 ஒக்டோபரில் வந்த போலினா சூறாவளியின்போது, மலையிலிருந்து இறங்கிய வெள்ளமும் சேறும் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டன. இறந்தோருட் பெரும்பாலோர் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் வாழ்ந்த ஏழைகளே. 2023 ஒக்டோபர் 25 ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின் ஓட்டிஸ் சூறாவளி கரையைத் தாக்கிற்று. ஒரே நாளிற் சாதாரண புயல் நிலையிலிருந்து உச்ச நிலைக்கு வளர்ந்துவிட்டமையால் மக்களுக்கு எச்சரிக்கை உரிய வேளையிற் கிட்டவில்லை. மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்துடன் வீசிய காற்று, ஹோட்டல்களிற் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. மெக்சிக்கோவின் பசுபிக் கரையைத் தாக்கியதாகப் பதிவாகியுள்ள சூறாவளிகளுள் வலிமை மிக்கது அதுவே. ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். மேலும் பலர் காணாமற்போயினர். செல்வரின் உல்லாசப் படகுகளைக் காப்பதற்காக இரவு முழுவதும் அவற்றிலேயே தங்கியிருந்து கடலில் மூழ்கிய மாலுமிகளும் அவர்களுள் அடங்குவர். தமக்குச் சொந்தமல்லாத படகுகளுக்காக அவர்கள் உயிர் துறந்தனர்.

மீண்டும் கூரைகள் எழுந்தன. கெப்ராதாவின் இளைஞர்கள் மீண்டும் பாறையில் ஏறினர். அக்கபுல்கோவுக்கு அழிவும் புதிதன்று, மீள்வதும் புதிதன்று. மெக்சிக்கோச் சட்டத்தின்படி கடற்கரைகள் அனைத்தும் நாட்டுக்குரிய பொதுவுடைமை. எந்தக் குடிமகனும் அங்கே தடையின்றி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளிற் கலேத்தாக் கரையிலே, மலைவீடுகளிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் ஓலைப் பந்தரின் நிழலில் அமர்ந்து உண்பதையும், பிள்ளைகள் அலையில் விளையாடுவதையும் காணலாம். பட்டு ஏற்றிய கப்பலும் வெள்ளி ஏற்றிய கழுதையும் இக்கரையைக் கடந்து போய்விட்டன. பிலிப்பைன் மாலுமி கொணர்ந்த கள்ளும் ஓலைப் பந்தரும் தங்கிவிட்டன. இலங்கைக் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் மெக்சிக்கோ இன்றும் முன்வரிசையிலே நிற்கின்றது. சமுத்திரம் கடந்து வந்த பழக்கங்கள் மக்களின் அன்றாட வாழ்விலே நிலைபெற்றுள்ளன. வந்து போகும் செல்வத்திலும் அம்மக்களுக்கு உரிய பங்கு கிட்டும் நாளை அக்கபுல்கோவின் மலைவீடுகள் இன்னும் எதிர்நோக்கி நிற்கின்றன.